மீ.சி.ம எங்கே இடறுகிறது? பார்த்ததைப் பகிருங்கள்

கரும்பலகை:
இரண்டு எண்களுக்கு மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டாலும் வகுபடும் மிகச் சிறிய எண்) காண்பது ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் அது எங்கெங்கோ தலைகாட்டுகிறது, அங்கங்கே காலையும் வாருகிறது. அவரவர் துறையில் கண்டதை எழுதுங்கள். விடைத்தாள்களில் வருவதை நான் முதலில் சொல்கிறேன்.

84, 120 எடுத்துக்கொள்வோம். வகுத்தல் முறையில் 2-ஆல் வகுத்தால் 42, 60. மறுபடி 2-ஆல் 21, 30. 3-ஆல் 7, 10. இனிப் பொதுவாக வகுக்க எதுவும் இல்லை. இடப்பக்கம் 2, 2, 3. அடியில் 7, 10. எல்லாவற்றையும் பெருக்கினால் 840. பிழை விழுவது இந்தக் கடைசி வரியில்தான்: இடப்பக்கத்தை மட்டும் பெருக்கி 12 என்று எழுதிவிடுவார்கள். அது மீ.பெ.கா (மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் வகுக்கும் மிகப் பெரிய எண்). மடங்கு என்றால் பெரிய எண்ணைவிடக் குறையவே முடியாது, அதனால் 120-க்குக் கீழே விடை வந்தாலே சந்தேகப்படலாம்.

பகாக் காரணி முறையில் 84 = 2² × 3 × 7, 120 = 2³ × 3 × 5. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் பெரிய அடுக்கு எதுவோ அதை மட்டும் எடுக்க வேண்டும்: 2³ × 3 × 5 × 7 = 840. இரண்டு வரிசையிலும் இருக்கும் 2-களை எல்லாம் அள்ளிப் போட்டால் 2⁵ ஆகி விடை 3360-க்குப் போய்விடும். அதுவும் பொது மடங்குதான், மீச்சிறு இல்லை.

தேர்வறை:
போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் அதிகம் பார்ப்பது வேறொன்று. "இரு எண்களின் பெருக்கல் = மீ.சி.ம × மீ.பெ.கா" என்ற விதியை மூன்று எண்களுக்கும் இழுத்துவிடுகிறார்கள். 6, 10, 15 போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் பொதுவான காரணி 1 மட்டுமே, பெருக்கல் பலன் 900. அந்த விதிப்படி மீ.சி.ம 900 வர வேண்டும். உண்மையில் 30.

வகுத்தல் முறையிலும் இதே எண்கள் சிக்கவைக்கும். "மூன்றையும் வகுக்கும் எண் இல்லையே" என்று முதல் வரியிலேயே நிறுத்தக் கூடாது. ஏதாவது இரண்டு வகுபட்டாலும் தொடர வேண்டும், வகுபடாத எண்ணை அப்படியே கீழே இறக்க வேண்டும். 2-ஆல் 3, 5, 15. 3-ஆல் 1, 5, 5. 5-ஆல் 1, 1, 1. ஆக 2 × 3 × 5.

மீதிக் கணக்குகள்: 12, 15, 20 ஆகியவற்றால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் 5 மீதி வர வேண்டுமென்றால் 60 + 5 = 65. (கறாராகப் பார்த்தால் 5-ஐ வகுத்தாலும் மீதி 5-தான், அதுவே மிகச் சிறிய எண்! ஆனால் கேள்வித்தாள் எதிர்பார்ப்பது 65.) மீதிகள் வெவ்வேறாக இருந்தால் வகுத்திக்கும் மீதிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 6-ஆல் வகுத்தால் 4, 8-ஆல் வகுத்தால் 6 என்றால் இரண்டிலும் வித்தியாசம் 2; விடை 24 − 2 = 22.

12, 18 இரண்டாலும் வகுபடும் மிகச் சிறிய நான்கிலக்க எண் என்றால் மீ.சி.ம 36. 1000-ஐ வகுத்தால் மீதி 28. இந்த 28-ஐக் கூட்டுபவர்களே அதிகம்; கூட்ட வேண்டியது 36 − 28 = 8, விடை 1008. மீதியைக் கழிப்பது மிகப் பெரிய எண் கேட்டால்: 9999 − 27 = 9972.

பூஜ்ஜியம்:
நிரல் எழுதுபவர்களுக்கு: a × b-ஐப் பெருக்கிவிட்டு மீ.பெ.கா-ஆல் வகுக்காதீர்கள். முதலில் வகுங்கள், பிறகு பெருக்குங்கள். 60,000, 90,000 என்று வந்தால் பெருக்கல் 540 கோடி. 32 பிட் குறியுள்ள முழு எண்ணின் எல்லை 214,74,83,647, எனவே நிரம்பி வழிந்து குப்பை விடை கிடைக்கும். 60,000-ஐ முதலிலேயே மீ.பெ.கா-வான 30,000-ஆல் வகுத்தால் 2; 2 × 90,000 = 1,80,000. எங்கும் இடிக்காது.

காரணிப்படுத்துவதைப் பெரிய எண்களில் மறந்துவிடலாம். 1147, 1271 பார்த்தால் இரண்டும் பகா எண் போலவே இருக்கும். யூக்ளிட் முறையில் (மீதி இல்லாமல் போகும்வரை முந்தைய வகுத்தியை மீதியால் வகுத்துக்கொண்டே போவது) மூன்றே வரி: 1271 − 1147 = 124; 1147-ஐ 124-ஆல் வகுத்தால் மீதி 31; 124-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி இல்லை. மீ.பெ.கா 31. 1147 ÷ 31 = 37, 37 × 1271 = 47,027. தாளில் போடுபவருக்கும் இதுதான் சுருக்க வழி, பள்ளியில் இதை இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

இரண்டு எண்ணுமே 0 என்றால் மீ.பெ.கா-வும் 0, வகுக்கும்போது நிரல் விழுந்துவிடும். அதைத் தனியாகப் பிடித்து 0 திருப்பி அனுப்புங்கள். பைத்தான் 3.9 முதல் மேத் தொகுதியிலேயே இதற்கான சார்பு வந்துவிட்டது, சொந்தமாக எழுதத் தேவையில்லை.

பட்டறை:
பல்சக்கரத்தில் இது நேரடியாகக் கண்ணில் படும். சிறிய சக்கரத்தில் 20 பல், பெரியதில் 40 பல் என்று வையுங்கள். மீ.சி.ம 40. பெரிய சக்கரத்தின் ஒரு குறிப்பிட்ட பல் ஒவ்வொரு சுற்றிலும் சிறியதன் அதே பல்லைத்தான் தொடும். அதில் ஒரு நுனி உடைந்திருந்தால் எதிரே அந்த ஒரே பல் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். 20-ஐ 21 ஆக்கினால் மீ.சி.ம 840: அதே ஜோடி மறுபடி சந்திக்கச் சிறியது 40 சுற்று, பெரியது 21 சுற்று சுற்ற வேண்டும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவும். சுற்று விகிதம் கொஞ்சம் மாறும், அதை ஏற்க முடியாத இடத்தில் இந்த வேலை ஆகாது.

முகர்சிங்:
கர்நாடக இசையில் ஆதி தாளம் சதுஸ்ர நடையில் (ஓர் அடிக்கு நான்கு மாத்திரை) ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. 7 மாத்திரைச் சொற்கட்டு ஒன்றைச் சமத்தில் (தாளச் சுற்றின் தொடக்கத்தில்) எடுத்து நிற்காமல் வாசித்தால் மறுபடி சமத்தில் விழுவது 224-ஆவது மாத்திரை முடிந்ததும், அதாவது 7 ஆவர்த்தனம் கழித்து. 6 மாத்திரை என்றால் 96, மூன்றே ஆவர்த்தனம். 32-க்கும் 6-க்கும் 2 பொதுவாக இருப்பதால் சீக்கிரம் வந்துவிடுகிறது.

தேர்வறை:
சமத்தில் எடுத்தால் என்று சொன்னீர்களே, அதுதான் முக்கியம். மணி அடிக்கும் கணக்கிலும் ஒன்றாகத் தொடங்கினால்தான் மீ.சி.ம நேரடியாக விடை தரும். ஒரு மணி 12 நிமிடத்துக்கு ஒருமுறை, இன்னொன்று 18 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டும் 8:00-க்கு ஒன்றாக அடித்தால் அடுத்தது 8:36. இரண்டாவது 8:06-க்குத் தொடங்கினால் 8:24-க்குச் சந்திக்கும், அப்புறம் 36 நிமிடத்துக்கு ஒருமுறை. 8:04-க்குத் தொடங்கினால் எந்தக் காலத்திலும் சந்திக்காது! தொடக்க வித்தியாசம் மீ.பெ.கா-ஆல் (இங்கே 6) வகுபட வேண்டும், 4 வகுபடாது.

8 மணி முதல் 11 மணி வரை எத்தனை முறை சேர்ந்து அடிக்கும் என்று கேட்டால் 180 ÷ 36 = 5 என்று நிறுத்திவிடாதீர்கள். 8:00-க்கு அடித்ததும் உண்டு, 6 முறை.

பூஜ்ஜியம்:
எக்செல் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அதில் உள்ள எல்சிஎம் சார்பு தசமத்தை வெட்டிவிடும். 2.5 மீட்டர், 1.5 மீட்டர் என்று கொடுத்தால் 2, 1 என எடுத்துக்கொண்டு 2 என்று காட்டும், பிழைச் செய்திகூட வராது. சென்டிமீட்டருக்கு மாற்றி 250, 150 கொடுங்கள். 750 வரும், அதாவது 7.5 மீட்டர்.