டாடா 1613 கம்மின்ஸ்: ராடு பிளாக்கை உடைச்சிருச்சு, எந்த வழியில எஞ்சின் மாத்தறது?

நாமக்கல்_1613:
2006 மாடல் டாடா 1613, கம்மின்ஸ் 6பிடி 5.9 டர்போ எஞ்சின். 3-ம் சிலிண்டர் ராடு (பிஸ்டனை கிராங்கோட இணைக்கிற தண்டு) எஞ்சின் பிளாக்கைக் குத்திக்கிட்டு வெளியே வந்திருச்சு. பக்கவாட்டுல உள்ளங்கை அளவு ஓட்டை. ஹெட், டீசல் பம்ப், டர்போ மேலோட்டமா நல்லாத்தான் இருக்கு. கையில மூணு வழி இருக்கு: ஓடுற செகண்ட் எஞ்சின் முழுசா, கட்டிங் வண்டியில (உடைக்கப் போட்ட வண்டி) இருந்து வெறும் பிளாக், இல்லாட்டி கம்பெனி ரீகண்டிஷன் எஞ்சின் எக்ஸ்சேஞ்ச்ல. போதாததுக்கு டாடாவோட 697 எஞ்சின் ஒண்ணு சல்லிசா வருது. எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) இன்னும் 7 மாசம் இருக்கு. எதுல இறங்கலாம்?

லேத்_மேசை:
எஞ்சின் தேடறதுக்கு முன்னாடி சம்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி, மிச்சம் இருக்கிற 5 ராடு கேப், கிராங்கைப் பிளாக்குல பிடிச்சிருக்கிற 7 மெயின் கேப் எல்லாத்தையும் எடுங்க. உள்ள இருக்கிற பேரிங் ஷெல்லை நம்பர் போட்டு வரிசையா துணியில வையுங்க. எல்லாத்துலயும் செம்பு தெரிஞ்சா ஆயில் பிரஷர் போயிருக்கு. ஆயில் பம்ப், சக்ஷன் பைப், அதோட கேஸ்கெட் எல்லாத்தையும் பாருங்க. சக்ஷன் பக்கம் காத்து இழுத்தாலும் இதே கதிதான். மத்த ஷெல் எல்லாம் சாம்பல் நிறத்துல வழவழன்னு இருந்து 3-ம் ராடு மட்டும் போயிருந்தா ராடு போல்ட், இல்லாட்டி பிஸ்டன் பிடிச்சிருக்கும். அந்த சிலிண்டரோட பிஸ்டன் கூலிங் நாசில் (பிஸ்டன் அடியில ஆயில் பீச்சறது) அடைச்சிருக்கா, டீசல் நாசில் (இஞ்செக்டர்) ஒழுகுதான்னு அப்பத்தான் தேடணும். இந்தக் காரணம் தெரியாம பழைய ஆயில் பம்பையும் இஞ்செக்டரையும் புது எஞ்சின்ல மாத்திப் போட்டா, அதுவும் அதே வழியில போகும்.

697-ஐ மறந்துடுங்க. பெல் ஹவுசிங், மவுண்டிங், ஹோஸ், சைலன்சர் பைப் எல்லாமே மாறும். சல்லிசா வந்த காசு ஃபேப்ரிகேஷன்லயே போயிடும்.

டீசல்_கிறுக்கன்:
ஓடுற செகண்ட் எஞ்சினை நான் கடைசியிலதான் வைப்பேன். கெட்டி ஆயில் ஊத்தி சூடாக்காம ஓட்டிக் காட்டினா புளோபை (பிஸ்டனைத் தாண்டி கீழ கசியற புகை), நாக்கிங் (தட்டற சத்தம்) ரெண்டும் மறைஞ்சிடும். கண்டிப்பா அதுதான்னா, கூலன்ட் சூடாகிற வரைக்கும் ஓட்டி, சொந்த கேஜை மாட்டிப் பாருங்க: ஐடிலிங்ல 0.7 பார், ஃபுல் ஆர்பிஎம்ல 2.1 பார், இது குறைஞ்சபட்சம். அதுக்குக் கீழ போனா பேச்சே வேண்டாம்.

வெறும் பிளாக்னா கவனிங்க: 6பிடி-ல லைனர் (தனியா மாத்தற சிலிண்டர் குழாய்) கிடையாது, பிளாக்லயே போர் (பிஸ்டன் ஓடற துளை). ஸ்டாண்டர்டு 102.00 மி.மீ., தேய்மானம் 102.116-ஐத் தாண்டினா போர் பண்ணித்தான் ஆகணும். 0.50, 1.00 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். ஏற்கெனவே 1.00 போட்ட பிளாக்னா ஸ்லீவ் அடிக்கறதைத் தவிர வழியில்ல, அதனால போர் கேஜ் இல்லாம முன்பணம் குடுக்காதீங்க. மெயின் கேப் அந்த பிளாக்கோடயே வரணும். கேப்பையும் பிளாக்கையும் சேர்த்து வெச்சுத்தான் கிராங்க் உக்கார்ற துளையைப் போர் பண்ணியிருப்பாங்க. உங்க பழைய கேப்பைப் போட்டா வட்டம் சேராது, கிராங்க் இறுகும்.

ஆர்சி_புக்:
எல்லாரும் இரும்பைப் பத்தியே பேசறீங்க. பிளாக் மாறினா எஞ்சின் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதுக்குத்தான். முன்கூட்டி ஒப்புதல் வாங்கறது நல்லது. வாங்காம மாத்தினா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தெரியப்படுத்தி ஆர்.சி-ல பதியணும். ஃபைனான்ஸ் ஓடுதுன்னா அவங்க சம்மதமும் வேணும். பிளாக் எந்த வண்டியில இருந்து வந்ததோ அதோட ஆர்.சி நகல், எஞ்சின் நம்பர் போட்ட பில் ரெண்டையும் வாங்கிட்டு, அந்த நம்பரை ஆர்.சி-யோட ஒப்பிட்டுப் பாருங்க. பழைய நம்பரைத் தேய்ச்சு உங்க நம்பரை அடிச்சுத் தர்றேன்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடுங்க. எஃப்சி-ல மாட்டினா வண்டியே போயிடும்.

நாமக்கல்_1613:
ஷெல்லைப் பார்த்தாச்சு. மெயின் ஏழும் நல்லாருக்கு. ராடுல 3 தவிர மத்தது சாம்பல் நிறம். 3-ம் ராடு போல்ட் ஒண்ணு இழுபட்டு, கழுத்து சன்னமாகி அறுந்திருக்கு. கிராங்க்ல 3-ம் பின் (ராடு மாட்டற இடம்) மட்டும் கீறல்.

லேத்_மேசை:
அப்போ ஆயில் பிரஷர் மேல பழி இல்ல, போல்ட்தான். பழைய போல்ட்டையே திரும்பத் திரும்ப இறுக்கினா இப்படித்தான் இழுபடும். பிளாக் வாங்கிக் கட்டறதுதான் உங்களுக்கு லாபம். ராடு பின் 69 மி.மீ.; முதல்ல கிராங்கை மேக்னா (காந்தத்தால விரிசல் பார்க்கிற டெஸ்ட்) பார்த்து விரிசல் இல்லேன்னா ஆறு பின்னையும் ஒரே அளவுக்கு, 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு கிரைண்டிங் பண்ணுங்க. விரிசல் இருந்தா கிராங்கும் குப்பைக்குத்தான். ராடு போல்ட் பன்னெண்டும் புதுசு: 35, 70, 100 நியூட்டன் மீட்டர்னு மூணு தவணையா இறுக்கணும். மெயின் கேப் போல்ட் 60, 119, 176.

ஆயில் கூலரைக் கழுவிப் போடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பிளேட்டுக்கு நடுவுல போன இரும்புத் தூள் எந்த டீசலுக்கும் வெளியே வராது. புதுசு போடுங்க. பிஸ்டன் கூலிங் நாசில், டர்போ ஆயில் பைப், பிளாக் கேலரி (ஆயில் போற வழி) பிளக் எல்லாம் கழட்டி பிரஷ் விட்டு ஊதணும்.

டீசல்_கிறுக்கன்:
ஒரு கூடுதல் வேலை. முன்பக்க டைமிங் கவரைத் திறந்திருக்கும்போதே கியர் ஹவுசிங் டவல் பின்னை (ஹவுசிங்கை இடத்துல நிறுத்தற சின்ன முளை) பாருங்க. அதிர்வுல நகர்ந்து கியருக்குள்ள விழற வியாதி 6பிடி-க்கு உண்டு. ஓட்டை விளிம்பைப் பஞ்ச்சால அடிச்சோ, சின்னத் தகடு போட்டோ பூட்டிடுங்க.

கம்பெனி எக்ஸ்சேஞ்ச் பத்தி: பழைய எஞ்சினைத் திருப்பிக் குடுத்தாத்தான் அந்த விலை. உங்க பிளாக்ல ஓட்டை இருக்கு, அதை ஏத்துக்குவாங்களான்னு எழுத்துல கேட்டுட்டுப் பேசுங்க. இல்லேன்னா விலை வேற.

கட்டி முடிச்சதும் ஆயில் ஃபில்டர்ல, டர்போவோட ஆயில் இன்லெட்ல ஆயில் ஊத்தி, டீசல் போகாம இருக்க ஸ்டாப் சொலினாய்டு வயரைக் கழட்டிட்டு 30 செகண்ட் கிராங்க் பண்ணுங்க. 2 நிமிஷம் விட்டு மறுபடி. கேஜ்ல முள்ளு ஏறின பிறகுதான் டீசல் திறக்கணும்.