5,000 வெள்ளி, இன்னும் வெளிவராத கேம்: போடலாமா?

பாயான்_ஷிப்ட்:
வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி டெக்னீஷியன், வயசு 29. பெரியம்மா மகன் ஒருத்தர் பிளாக்செயின் (பல கம்ப்யூட்டர்ல வைக்கிற பொதுப் பதிவேடு) கேம்ல ஆரம்ப ரவுண்டுல இடம் வாங்கித் தர்றேங்கிறாரு. அதோட டோக்கன் (கேம் கம்பெனி வெளியிடுற டிஜிட்டல் காசு) இப்ப 2 சென், லிஸ்டிங் (சந்தையில விற்பனைக்கு வர்றது) அன்னைக்கு 10 சென்னாம். அதாவது 5,000 வெள்ளி (ரிங்கிட்) 25,000 ஆகும். கேம் இன்னும் வரல, டிரெய்லர் மட்டும் இருக்கு. டிராகன் பறக்குது, நல்லாத்தான் இருக்கு. இ.பி.எஃப். (சேமநிதி) மூணாவது கணக்குல 3,200 கிடக்கு, மிச்சத்துக்கு போனஸ் காசு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணுமாம். வீட்ல இன்னும் சொல்லல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன்.

பிறை_பையன்:
2017-ல நம்ம பினாங்கையே ஆட்டி வச்சதுக்குப் பேரு ‘மணி கேம்’, புதுசா சேர்றவங்க காசை எடுத்துப் பழைய ஆளுங்களுக்குக் கொடுக்குற திட்டம். இப்ப நிஜமாவே கேம்னு பேர் வச்சுட்டு வர்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெலுத்தோங்_அண்ணன்:
தம்பி, பிறை சொல்றதை அப்படியே எடுத்துக்காதே. எல்லாமே ஏமாத்து வேலை இல்ல. நான் காசு போட்ட கேம்ல உண்மையிலேயே நாலு பசங்க ராத்திரி பகலா புரோகிராம் எழுதினாங்க. அப்பவும் காசு போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

2021 கடைசியில ஒரு கேமுக்குள்ள ரெண்டு துண்டு நிலம் வாங்கினேன், 3,800 வெள்ளி. பேர் வேண்டாம். நாசி கண்டார் கடையில தட்டை ஒதுக்கி வச்சிட்டு, போன்ல பச்சைக் கட்டத்தைப் பெருசாக்கிக் கூட்டாளிங்களுக்குக் காட்டுவேன்: ‘இது ஆத்தோரம்டா, வாடகை வரும்.’ ஆளுங்க விளையாட வந்தாத்தானே வாடகை? ஒன்றரை வருஷத்துல பசங்க கையில இருந்த காசு தீர்ந்துச்சு. டிஸ்கார்டு அரட்டைக் குழுவுல பதில் சொல்லிட்டு இருந்தவங்க ஒவ்வொருத்தரா காணாமப் போனாங்க. அப்புறம் வெப்சைட்டே திறக்கல. இன்னைக்கும் வாலட்டை (டோக்கன் வைக்கிற டிஜிட்டல் பர்ஸ்) திறந்தா அந்த ரெண்டு துண்டும் என் பேர்லதான் இருக்கு. படம்தான் இல்ல, சாம்பல் கலர்ல ஒரு பெட்டி. படத்தை அவங்க சர்வர்ல வச்சிருந்தாங்களாம், பிளாக்செயின்ல இருந்தது வெறும் நம்பர். எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும்.

இப்ப உன் கணக்கைப் பார்ப்போம். 2 சென் வீதம் உனக்கு 250,000 டோக்கன். ஆனா அதை லிஸ்டிங் அன்னைக்கு மொத்தமா கையில தர மாட்டாங்க. எப்ப எவ்வளவு டோக்கன் தருவாங்கன்னு சொல்ற அன்லாக் அட்டவணைன்னு ஒன்னு இருக்கும், அதைக் கேட்டியா? உதாரணத்துக்கு, முதல் நாள் 10%, ஆறு மாசம் ஒன்னும் இல்ல, அப்புறம் 18 மாசத்துக்குப் பிரிச்சுக் கொடுக்குறாங்கன்னு வை. முதல் நாள் 25,000 டோக்கனை 10 சென்னுக்கே வித்தாலும் 2,500 வெள்ளிதான். மிச்சம் மாசம் 12,500 வரும். அதுக்குள்ள விலை 1 சென்னுக்கு இறங்கியிருந்தா மாசம் 125 வெள்ளி. எல்லாம் கூட்டினா 4,750. அஞ்சு மடங்கு விலையில லிஸ்ட் ஆகியும் உனக்கு நட்டம்! உன்கூடவே, உன்னை விடக் கம்மி விலைக்கு வாங்கினவங்களும் டெவலப்பருங்களும் வித்துக்கிட்டே இருப்பாங்க. வாங்குறது யாரு?

ஜெயிச்ச கேம் கதையையும் கேளு. ஆக்ஸி இன்ஃபினிட்டி, வியட்நாம் கம்பெனி. பிலிப்பைன்ஸ்ல விளையாடியே வீட்டுச் செலவைச் சமாளிச்சாங்க. விளையாடினா கிடைக்கிற எஸ்எல்பி டோக்கன் 2021 ஜூலையில 30 அமெரிக்க சென்டுக்கு மேல. அடுத்த வருஷம் நடுவுல 1 சென்டுக்கும் கீழ. விளையாட விளையாட டோக்கன் கொட்டிக்கிட்டே இருந்துச்சு, அதைச் செலவு பண்ண புதுசா ஆளு வரல. போதாக்குறைக்கு 2022 மார்ச்சுல அதோட ரோனின் பிரிட்ஜை (ஒரு பிளாக்செயின்ல இருந்து இன்னொன்னுக்குக் காசு மாத்துற இடம்) திருடங்க உடைச்சு 173,600 ஈதரும் 25.5 மில்லியன் யுஎஸ்டிசியும் (ரெண்டும் கிரிப்டோ காசு) அள்ளிட்டுப் போனாங்க. காசை வெளிய விட அனுமதிக்கிற ஒன்பது டிஜிட்டல் சாவியில அஞ்சு அவங்க கையில சிக்கிடுச்சு. ஆறு நாள் கழிச்சு யாரோ ஒருத்தர் காசெடுக்க முடியலன்னு சொன்னப்பதான் கம்பெனிக்கே தெரிஞ்சுது. லட்சக்கணக்கானவங்க விளையாடின கேமுக்கே இந்தக் கதி. உன்னுதுல டிராகன் இன்னும் டிரெய்லர்லதான் பறக்குது.

செந்தூல்_கணக்கு:
அண்ணன் சொன்னதோட ஒன்னு. மலேசியாவுல இப்படி டோக்கன் வித்துப் பொதுமக்கள்கிட்ட காசு திரட்டணும்னா முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கிற செக்யூரிட்டிஸ் கமிஷன்கிட்ட பதிவு பண்ணின தளம் வழியாத்தான் செய்யணும். அவங்க இணையப்பக்கத்துல எச்சரிக்கைப் பட்டியல் இருக்கு, பேரைத் தேடிப் பாருங்க. பட்டியல்ல இல்லன்னா நல்ல கம்பெனின்னு அர்த்தம் இல்ல, இன்னும் யாரும் புகார் கொடுக்கலன்னும் இருக்கலாம். முக்கியமா, காசு எந்த வழியாப் போகுது? பேங்க் மூலமா போய் மோசடின்னு தெரிஞ்சா உடனே 997-க்கு (மோசடிப் புகார் எண்) அடிக்கலாம். யுஎஸ்டிடியா (டாலர் மதிப்புல இருக்குற கிரிப்டோ காசு) மாத்தி யாரோ வாலட்டுக்கு அனுப்பிட்டா அதைத் திருப்பி இழுக்க எந்த பேங்க்காலயும் முடியாது.

பாயான்_ஷிப்ட்:
நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். பெரியம்மா மகன்கிட்ட அட்டவணை கேட்டேன். லிஸ்டிங் அன்னைக்கு 5% தானாம், அதுக்கப்புறம் ஒரு வருஷம் கதவடைப்பு. யுஎஸ்டிடியாத்தான் அனுப்பணுமாம். நான் சேர்ந்தா அவருக்கு 8% கிடைக்குமாம், 400 வெள்ளி. அதுவும் டோக்கனா, அதே அட்டவணைப்படி.

ஜெலுத்தோங்_அண்ணன்:
அவர் எவ்வளவு போட்டிருக்காரு?

பாயான்_ஷிப்ட்:
12,000. அண்ணிக்குத் தெரியாதாம், சொல்லிடாதேன்னாரு.