புதுசா கனடா வந்தவங்களுக்கு: நகம் ஏடு ஏடா உரியுதுன்னா கால்சியம் மாத்திரைக்கு ஓடாதீங்க

இந்த வின்டர்ல மட்டும் நாலு பேரு இதே கேள்விய கேட்டுட்டீங்க, அதனால ஒரே இடத்துல எழுதிப் போட்டுடறேன். ஊர்ல நல்லா இருந்த நகம் இங்க வந்து ரெண்டே மாசத்துல உரியுது, ஸ்வெட்டர் போடுறப்ப நூல்ல மாட்டி இழுக்குது, என்ன சத்துக் குறைவுன்னு கேக்குறீங்க. முக்காவாசி பேருக்கு சத்துக் குறைவெல்லாம் இல்லைங்க. தண்ணியும் ஹீட்டரும் பண்ற வேலை.

நான் மதுரையில இருந்து டொரான்டோ பக்கம் வந்த முதல் வின்டர்ல ஒரு காபி கடையில பார்ட் டைம் பாத்தேன். ஒரு ஷிஃப்ட்டுக்கு முப்பது தடவையாவது கை கழுவணும், நடுநடுவுல சானிடைசர், வீட்டுக்கு வந்தா சிங்க் நிறைய பாத்திரம், அதையும் சுடச்சுட தண்ணியில தேய்ப்பேன், குழாயத் திறந்தா சுடுதண்ணி வர்ற சுகம் ஊர்ல ஏது. ஜனவரியில ஒரு நாள் பாத்தா கட்டைவிரல் நகம் நுனியில வெங்காயச் சருகு மாதிரி பிரிஞ்சு நிக்குது. சும்மா இருக்காம பல்லால கடிச்சு இழுத்தேன், பாதி நகம் வரைக்கும் மேல் ஏடு உரிஞ்சு வந்துடுச்சு, ஒரு வாரம் ரசத்துல கை வைக்க முடியல. அத்தைகிட்ட வீடியோ கால்ல காட்டினா எலுமிச்சம்பழத்த விரல்ல சொருகிக்கோன்னாங்க. அது நகச்சுத்திக்குத் தானே அத்தைன்னா, எல்லாம் நகம்தானேடின்னாங்க.

விஷயம் என்னன்னா, நகம் கெராட்டின்ங்கற புரதம், மெல்லிசு மெல்லிசா அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். தண்ணி பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும், இப்படியே நாள் பூரா உப்பி சுருங்கி உப்பி சுருங்கி அடுக்கெல்லாம் விட்டுடும். இங்க வெளிய குளிர்காத்துல ஈரமே இருக்காது, அதே காத்த ஃபர்னஸ் (வீட்டு ஹீட்டர்) சூடாக்கி வீட்டுக்குள்ள விடுறதால உள்ளயும் வறண்டு கிடக்கும், அதான் ஊர்ல பண்ண அதே வேலை இங்க நகத்த உரிக்குது. கால்சியம் நகத்துல இருக்கறதே கொஞ்சூண்டு. சின்ன வயசுல நகத்துல பூ விழுந்தா புதுத்துணி வரும்னு சொல்லுவோமே, அந்த வெள்ளைப் புள்ளி கூட பெரும்பாலும் எங்கயாவது இடிச்சுக்கிட்டதால வர்றதுதான்.

அதனால முதல் செலவு மாத்திரைக்கு இல்ல, கிளவுஸுக்கு. டாலரமாங்கற மலிவு விலைக் கடையிலயே கிடைக்கும், பாத்திரம் தேய்க்கற ரப்பர் கிளவுஸ். ஆனா வெறும் ரப்பர மாட்டுனா உள்ள வேர்த்து மறுபடியும் ஈரம்தான், அதனால உள்ள மெல்லிசா ஒரு காட்டன் கிளவுஸ் போட்டுக்கங்க. வீட்டுல காத்துக்கு ஈரம் ஏத்தற ஹ்யூமிடிஃபையர் இருந்தா 30, 40 சதவீதத்துல வைங்க, அதுக்கு மேல ஏத்தினா ஜன்னல் கண்ணாடியில தண்ணி வடிஞ்சு ஓரமெல்லாம் பூஞ்சை புடிச்சு லேண்ட்லார்டுகிட்ட திட்டு வாங்கணும்.

ரெண்டாவது எண்ணெய். இதுக்கு தனியா க்யூட்டிகிள் ஆயில்னு சின்ன பாட்டில பதினஞ்சு டாலருக்கு வாங்காதீங்க, நம்ம தேங்காய் எண்ணெயே போதும். என்ன, 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சுடும், நம்ம வீட்டு தெர்மோஸ்டாட் 21ல நிக்கும், பாட்டில கவுத்தா ஒண்ணும் வராது. அகல வாய் டப்பால மாத்தி வச்சிட்டா ஸ்பூன் காம்பால சுரண்டி எடுத்துக்கலாம், உள்ளங்கைச் சூட்டுலயே உருகிடும். இல்லன்னா நல்லெண்ணெய், வாசனை புடிக்காதவங்களுக்கு வாஸ்லின். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கை கழுவி ஈரம் முழுசா காயறதுக்குள்ள நகத்து மேல, நகக்கண்ல, நகத்துக்கு அடியில நுனியிலன்னு தேய்ச்சுட்டு பழைய காட்டன் சாக்ஸ கையில மாட்டிக்கிட்டு தூங்குங்க, வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். எண்ணெய் தேய்ச்சா நகம் வேகமா வளரும்னு நினைக்காதீங்க, வெளிய தெரியற நகம் உயிரில்லாதது, எண்ணெய் உள்ள இருக்கற ஈரத்த போகாம காக்கும், அவ்ளோதான். பூண்டு, எலுமிச்சை எல்லாம் தேய்க்காதீங்க, வெடிச்ச தோல்ல எரிச்சலெடுத்து புண்ணாயிடும்.

வெட்டுறது குளிச்சு முடிச்சு நகம் மெத்துன்னு இருக்கறப்ப, கொஞ்சம் ஒட்டவே வெட்டுங்க. விளக்கு வச்ச பிறகு வெட்டக் கூடாதுன்னு அம்மா சொல்றது இங்க செல்லாது, டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சுக்கெல்லாம் இருட்டிடும். ஜெல் பாலிஷ நகத்தால சுரண்டி உரிக்காதீங்க, கூடவே நகமும் வரும்.

சாப்பாட்டுல பருப்பு, முட்டை, கீரைன்னு ஒழுங்கா சாப்பிட்டா போதும். சாப்பிட்ட கையோட டீ குடிக்கற பழக்கம் இருந்தா ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க, டீ இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. நகத்துக்கும் முடிக்கும்னு விக்கற பயோட்டின்ங்கற பி வைட்டமின, மிட்டாய் மாதிரி மெல்லற ‘gummy’யா எல்லாரும் வாங்குறாங்க, நானும் வாங்கினேன். ஆனா பிளட் டெஸ்டுக்குப் போனா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, தைராய்டு டெஸ்ட், மாரடைப்புக்கு எடுக்கற ட்ரோபோனின் டெஸ்ட்லாம் அதனால தப்பா காட்டலாம்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு.

இதெல்லாம் பண்ணியும் நகம் ஸ்பூன் மாதிரி குழிஞ்சு, ஒரு சொட்டு தண்ணி விட்டா அப்படியே நிக்குதுன்னா டாக்டர்கிட்ட ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு எவ்ளோன்னு காட்டற பிளட் டெஸ்ட்) பாக்கச் சொல்லுங்க. என் ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் ரத்தசோகை தெரிஞ்சுச்சு. மஞ்சளா தடிச்சா பூஞ்சையா இருக்கலாம், நகக்கண் வீங்கி சீழ் வெச்சாலோ, ஒரே நகத்துல புதுசா கறுப்புக் கோடு விழுந்து அகலமாகுதுன்னாலோ எண்ணெய் தேய்ச்சுட்டு உக்காந்திருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

எத்தன நாள்ல சரியாகும்னு கேட்டவங்களுக்கு: கை நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுசா மாற ஆறு மாசம். அப்புறம் மருதாணி வைக்கலாமான்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தீங்க. வைக்கலாம்மா, நிறமேத்த பிபிடிங்கற சாயக் கெமிக்கல் கலந்த பிளாக் ஹென்னா கோன் மட்டும் வேணாம், அது கொப்புளமே போட்டுடும். தீபாவளிக்கு நான் வச்சது இந்த மார்ச்ல சுண்டுவிரல் நுனியில பிறை மாதிரி இன்னும் நிக்குது, அதுக்குக் கீழ வந்ததெல்லாம் கிளவுஸும் எண்ணெயும் பாத்த நகம், ஒரு ஏடு கூட பிரியல.