கிராபிக் நாவலுக்கு அறிமுகம் எழுதும்போது படத்தைப் பற்றி எப்படி எழுதுவது?

உவர்மலை வாசகி:
திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ‘வன்னி’யைப் பற்றிக் கதைக்கப்போகிறோம். பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொலக் வரைந்து 2019இல் வந்த கிராபிக் நாவல், அதாவது படக்கட்டங்களால் சொல்லப்படும் நாவல். வடக்கே வன்னியில் போருக்குள் அகப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை. அறிமுகக் கட்டுரை என் பொறுப்பு. நான் தேடி வாசித்த விமர்சனங்கள் எல்லாம் சுனாமி, இடப்பெயர்வு, இறுதிப் போர் என்று கதையைச் சொல்லி முடித்துவிடுகின்றன. அதற்கு ஒரு செய்தி அறிக்கை போதுமே? பொலக் வரைந்த கோடு என்ன செய்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வட்டத்தில் ஒரு ஐயா வேறு, "சின்னப்பிள்ளைகளின் படக்கதைக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டுவிட்டார். எங்கிருந்து தொடங்கலாம்?

கொட்டியாரக்குடா:
தங்கச்சி, ஐயாவுக்கு இரண்டு வரி போதும். நாசிகளின் யூத இனப்படுகொலையில் தப்பிய தன் தந்தையின் கதையை, யூதர்களை எலிகளாக வரைந்து ஆர்ட் ஸ்பீகல்மன் சொன்ன கிராபிக் நாவல் ‘மௌஸ்’. 1992இல் அது அமெரிக்காவின் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. 2018இல் நிக் டிர்னாசோவின் ‘சப்ரினா’ புக்கர் இலக்கிய விருதின் நெடும்பட்டியலில் வந்தது, கிராபிக் நாவல் ஒன்று அங்கே போனது அதுதான் முதல் தடவை. அப்புறம் நேரே ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

‘மௌஸ்’ இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஸ்பீகல்மன் எலி முகமூடி கட்டியபடி வரைமேசையில் இருக்கிறார். சுற்றி ஈ பறக்கிறது. முதல் பாகம் எத்தனை நாடுகளில் வரப்போகிறது, படமெடுக்க எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறார். கடைசிக் கட்டத்தில்தான் மேசையடியில் கிடக்கும் பிணக்குவியல் தெரிகிறது. அதைச் சுட்டி ஒரு வசனமும் இல்லை. ஈ ஏன் வந்தது என்று நாம்தான் மேலே திரும்பிப் போய்ப் பார்க்கிறோம். இப்படி ஒரு பக்கத்தை எழுத்தில் காட்டுவதுதான் விமர்சகரின் வேலை என்பேன்.

2006இல் சம்பூரிலிருந்து வாகரைப் பக்கம் ஓடியவர்கள் நாங்கள். அம்மா தூக்கி வந்த அலுமினியப் பானை இடைவழியில் நின்றுவிட்டது. அதனால் ‘வன்னி’யை வாசிக்கும்போது என் கண் சனங்களின் கைக்குத்தான் போகும். ஒவ்வொரு இடப்பெயர்விலும் கையில் என்ன மிச்சம் என்று பாருங்கள். அதை எழுதினால் ஐயா எழும்பிப் போகமாட்டார்.

மாயாவி ரசிகன்:
இரும்புக்கை மாயாவி காமிக்ஸில் வளர்ந்தவன், என் பங்குக்கு ஒன்று. கொட்டியாரக்குடா அண்ணன் சொல்வது சரி, ஆனால் ஓவியரின் கோடுகளை மட்டும் பார்த்தால் பாதிதான். ‘வன்னி’யில் வரும் குடும்பம் கற்பனை. பலருடைய வாக்குமூலங்களிலிருந்து கட்டப்பட்டது. எது சேர்க்கப்பட்டது, எது ஒரே ஆளின் மேல் ஏற்றப்பட்டது என்று கேட்காமல் பாராட்டுவது அந்த வாக்குமூலம் தந்தவர்களுக்கு நியாயமில்லை. செய்திகளைப் படக்கதையாக வரையும் பத்திரிகையாளர் ஜோ சாக்கோ, காஸாவைப் பற்றிய 2009ஆம் ஆண்டு நூலில், 1956இல் கான் யூனிசிலும் ராஃபாவிலும் நடந்த கொலைகளைத் தேடிப் போகிறார். ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாக நினைவுகூர்கிறார்கள், அந்த முரணையும் மறைக்காமல் வரைகிறார். ‘மௌஸ்’ கூட முதலில் நியூயோர்க் டைம்ஸின் அதிகம் விற்கும் நூல்கள் பட்டியலில் புனைவுக்குள் கிடந்தது. ஸ்பீகல்மன் கடிதம் எழுதிய பிறகுதான் அதைப் புனைவல்லாத நூல்களுக்குள் மாற்றினார்கள்.

நிலாவெளி ரீச்சர்:
ஐயாவிடம் இதையும் சொல்லுங்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசியில் ஒரு மாவட்டக் கல்விச் சபை ‘மௌஸ்’ஸை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. சில வசைச்சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாம். செய்தி பரவியதும் புத்தகம் மளமளவென்று விற்றது. சின்னப்பிள்ளைகளின் படக்கதையென்றால் பெரியவர்கள் இவ்வளவு பதறியிருக்கமாட்டார்கள்.

உவர்மலை வாசகி:
எல்லாருக்கும் நன்றி. கொட்டியாரக்குடா அண்ணா, கைகளிலிருந்தே தொடங்குகிறேன். மாயாவி ரசிகன் கேட்ட கேள்வியை நடுவில் வைத்து, டிக்ஸ் வன்னியில் ஐநாவுக்காக வேலை செய்தவர் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். இடப்பெயர்வுப் பக்கம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டிவிட்டு, கட்டுரையை வாசிக்கமுன் எல்லாரையும் ஐந்து நிமிடம் சும்மா பார்க்கவிடப்போகிறேன். அண்ணா, அன்றைக்கு நீங்களும் வரவேண்டும்.