புகை வாடை போகாத எட்டு அறைகள்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். காட்டை ஒட்டிய 40 அறை ஹோட்டலைத் திரும்பத் திறக்க உதவி வேண்டும். காட்டுத்தீ கட்டடத்தைத் தொடவில்லை. புகைதான் உள்ளே புகுந்தது.

சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்கவில்லை, நுண்துகள் மறுபடி பறக்கும் என்பதால். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிய பிறகு, உலர் ஸ்பாஞ்சால் சுவர்களை மேலிருந்து கீழாகத் துடைத்தோம். (முதலிலேயே ஈரத்துணி வைத்தால் கரி பெயின்டில் அப்பிக்கொள்ளும், இதில்தான் பலர் தவறுகிறார்கள்.) திரை, விரிப்பு எல்லாம் சலவை ஆயிற்று. ஏசி குழாய்களைச் சுத்தம் செய்து, புகைத்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டி போட்டாயிற்று.

இருந்தும் சமையலறைக்கு மேலே உள்ள எட்டு அறைகளில், வெயில் ஏறியதும் வாடை வருகிறது. புகை நாட்களில் வெளிக்காற்று டாம்பரை (காற்று உள்ளே வரும் குழாயில் உள்ள அடைப்பு மடல்) மூடிவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை மட்டும் ஓடவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறோம். உள்ளே காற்றழுத்தம் குறைந்து, கதவிடுக்கு, ஃபால்ஸ் சீலிங் வழியாகப் புகை இழுக்கப்பட்டிருக்கும்.

சீலிங்குக்கு மேலே உள்ள கண்ணாடிக் கம்பளியை (வெப்பத்தடுப்புக்குப் போட்டது) முழுவதும் மாற்றத்தான் வேண்டுமா? வாடை போக்க ஓசோன் இயந்திரம் வேண்டாம். நுரையீரலுக்கும் கெடுதல், ரப்பர் பாகங்களும் விரிசல் விட்டுப்போகும். ஹைட்ராக்சில் இயந்திரம் (இதுவும் வாடை போக்கத்தான்) வைத்தவர்கள் எத்தனை நாள் ஓட்டினீர்கள்?

டாம்பர் மூடினால் எக்ஸாஸ்டும் தானாக நிற்கும்படி இணைத்தவர்கள் வயரிங் முறையைச் சொல்லுங்கள். அடுப்பு எரியும்போது எக்ஸாஸ்ட் நின்றால் ஆபத்து என்பதால், கேஸ் வால்வையும் அதோடு சேர்த்தீர்களா?