சீரம் மேல் சீரம் போட்டால் முகம் ஒரே நிறமாகுமா?

நந்தினி:
பரு ஆறின இடமெல்லாம் கன்னத்துல கரும்புள்ளியா நிக்குது. காலையில வைட்டமின் சி சீரம், அதுக்கு மேல நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை), ராத்திரி ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை)னு போடலாம்னு இருக்கேன். வைட்டமின் சியும் நியாசினமைடும் சேரவே கூடாதுன்னு படிச்சேன். நிஜமா?

கதிர்:
தாராளமா சேரலாம். அந்தப் பயம், ரெண்டையும் கலந்து சூடுபடுத்தின பழைய ஆய்வகச் சோதனைகள்ல இருந்து வந்தது. முகத்துல அந்தச் சூடு ஏது? வேலையும் வேற வேற. தோலுக்கு நிறம் தர்ற மெலனின் உருவாக உதவுற டைரோசினேஸ் நொதியை வைட்டமின் சி அடக்கும். உருவான மெலனின் மேல்தோல் செல்லுக்குப் போறதை நியாசினமைடு குறைக்கும். ரெண்டு வாசலையும் அடைச்சா பலன் கூடலாம். தண்ணியா இருக்கிறதை முதல்ல போடு, கெட்டியா இருக்கிறதை அப்புறம்.

பானு:
கதிர், நொதிக் கணக்கு சரி. மாநிறத் தோலோட கணக்கு எங்கே? நம்ம தோல்ல எரிச்சல் வந்தாலே அந்த அழற்சி மெலனினைத் தூண்டிவிட்டுப் புதுக் கறையா நிக்கும். எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது சுத்தமான வைட்டமின் சி, தோலுக்குள்ளே இறங்கணும்னா அதோட பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டுற அளவு) 3.5க்குக் கீழ இருக்கணும். அதோட 10 சதவீத நியாசினமைடு, ராத்திரி ரெட்டினால்னு எல்லாத்தையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சா மூக்கோரம் சிவந்து உரியும். எது ஒத்துக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிப்பா? ஒரு சீரம் போதும். 8 முதல் 12 வாரம் பொறுத்துப் பார்க்கணும்.

கதிர்:
எரிஞ்சா அளவுதான் தப்பு, அடுக்கு இல்ல. நியாசினமைடு 4, 5 சதவீதமே போதும். அது தோலோட அரணைப் பலப்படுத்துறது, எரிச்சலைத் தணிக்கிற பக்கம்.

பானு:
அளவு சரி. ஆனா நந்தினி சன்ஸ்கிரீன் பத்தி ஒரு வார்த்தை சொல்லல பாரு. அது இல்லாம எத்தனை சீரம் போட்டும் பிரயோஜனம் இல்ல. புற ஊதாக் கதிர் மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன்தான் அதையும் தடுக்கும்.

நந்தினி:
சன்ஸ்கிரீன் போட்டா எல்லாம் திரிதிரியா உருண்டு வருதுக்கா. தாடையோரம் விரல் பட்டாலே வெள்ளையா வருது. அதான் விட்டுட்டேன்.

பானு:
நான் சொல்றதே இதைத்தான். அடுக்கு ஏற ஏற, மேல போடுற சன்ஸ்கிரீன் நிக்காது.

கதிர்:
அதுக்கு வழி இருக்கு. ஒவ்வொண்ணும் நல்லா காயட்டும், தேய்க்காம ஒத்திப் போடு. அப்பவும் உருண்டா நியாசினமைடை ராத்திரிக்கு மாத்திடு. அதுக்காக ஒண்ணோட நிறுத்தணும்னு இல்ல.

சுமதி:
இடையில ஒண்ணு. கர்ப்பமா இருந்தா ரெட்டினால் கூடவே கூடாது. கரும்புள்ளிக்கு அசெலாயிக் அமிலம் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டு கன்னத்துலயும் ஒரே மாதிரி திட்டுத்திட்டா படர்ந்திருந்தா அது மெலாஸ்மாங்கிற நிறத்திட்டுப் பிரச்சினையா இருக்கலாம், தோல் டாக்டர் பார்க்கணும்.

பானு:
நந்தினி, உன் வைட்டமின் சி இப்போ என்ன நிறத்துல இருக்கு?

நந்தினி:
வாங்கினப்போ தண்ணி மாதிரி இருந்துச்சு. இப்போ செம்பழுப்பு.

கதிர்:
ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு.

பானு:
தூக்கிப் போடு, ஆனா இப்போதைக்கு வாங்காதே. நியாசினமைடு மட்டும் போட்டு, முதல்ல சன்ஸ்கிரீன் உருளாம நிக்கட்டும்.