சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் வந்ததா? உங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

அப்பாவுக்கு 66 வயது. ஒருநாள் காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனது, எரிச்சல் இல்லை, வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. பக்கத்து கிளினிக்கில் கிருமி என்று மாத்திரை எழுதினார்கள், ரத்தம் நின்றது, மாத்திரை கேட்டுவிட்டது என்று வீடே நிம்மதியானது. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் குணமே அதுதான். ரத்தம் வரும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது, கட்டி மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். மறுபடி ரத்தம் உறைந்து கட்டி கட்டியாக வந்தபோது புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் யூராலஜிக்கு, அதாவது சிறுநீர்ப் பாதை நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம்.

ஸ்கேனில் சின்னக் கட்டி தப்பிவிடலாம், அதனால் சிஸ்டோஸ்கோபி செய்தார்கள். மரத்துப்போகும் ஜெல்லை வைத்து, சிறுநீர் வரும் வழியிலேயே கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது. அப்பா பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, சில நிமிட வேலை. திரையில் நானும் பார்த்தேன், கடல்பாசி மாதிரி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகச் சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் ஒரு கேள்வி கேளுங்கள்: எடுத்த சதையில் சிறுநீர்ப்பைச் சுவரின் தசையும் இருந்ததா, கட்டி அதற்குள் இறங்கியிருக்கிறதா? சிகிச்சை முழுக்க இந்தப் பதிலில்தான் பிரிகிறது. அப்பாவுக்குத் தசைக்குப் போகவில்லை, ஆனால் வீரியமான வகை. அதனால் சில வாரம் கழித்து இன்னொரு முறை சுரண்டிப் பார்த்துவிட்டு, வாரம் ஒன்றாக 6 தடவை பிசிஜி மருந்து விட்டார்கள். பிறந்த குழந்தைக்குக் கையில் போடும் அதே பிசிஜிதான், அளவுதான் பல மடங்கு. டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். 1976லேயே கனடாவில் மொராலிஸ் என்ற டாக்டர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். மருந்து போட்ட நாளில் அப்பா உட்கார்ந்துதான் சிறுநீர் போவார், ஆறு மணி நேரத்துக்கு ஒவ்வொரு தடவையும் கக்கூஸில் பிளீச்சிங் ஊற்றி வைப்போம். எரிச்சலும் லேசான காய்ச்சலும் வரும். காய்ச்சல் விடாமல் அடித்தால் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பீடியை நிறுத்திவிட்டார். இந்த நோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். திரும்பி வரும் நோய் என்பதால் செக்கப்புக்கு ஒழுங்காகப் போகிறோம்.

வில்லியனூர்

தம்பி, நான் புகைத்ததே இல்லை. இளவயதில் சாயப்பட்டறையில் இருந்தேன். டாக்டர் முதலில் கேட்டதே என்ன வேலை பார்த்தீர்கள் என்றுதான். 1895லேயே ஜெர்மனியில் ரேன் என்ற சர்ஜன் சாயத் தொழிலாளர்களிடம் இந்தக் கட்டியைப் பார்த்து எழுதியிருக்கிறாராம். சாயம், ரப்பர், தோல் வேலை பார்த்தவர்கள் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தாலும் கண்டிப்பாக அதைச் சொல்லுங்கள்.

எனக்குத் தசைக்குள் இறங்கிவிட்டது. கிட்னி நன்றாக இருந்ததால் முதலில் சிஸ்பிளாட்டின் கீமோ, அப்புறம் சிறுநீர்ப்பையையே எடுத்தார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, அதன் வழியாகச் சிறுநீர் வெளியே வரும்படி தொப்புளுக்கு வலப்பக்கம் வாய் வைத்து, அதன்மேல் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறது. பாதி நிறைவதற்குள் திறந்து விட்டுவிடுவேன், ராத்திரி பெரிய பையோடு இணைத்துவிட்டால் எழுந்திருக்க வேண்டாம். வேட்டிக்குள் வெளியே தெரியாது, கல்யாணம் காட்சி எல்லாவற்றுக்கும் போகிறேன். சிறுநீர்ப்பையை எடுக்காமல் கீமோவும் ரேடியேஷனும் கொடுக்கும் வழியும் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது. அறுவைக்கு முன் அதையும் கேட்டுவிடுங்கள்.

நெல்லிக்குப்பம்

என் மாமியாருக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றே திரும்பத் திரும்ப மாத்திரை தருகிறார்கள். கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை, ஆனால் ரத்தம் வருகிறது. இதய நோய்க்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவதால் இருக்கும் என்கிறார்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்

அக்கா, அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தம் வந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். பெண்களுக்கு இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லிச் சொல்லியே இது தாமதமாகிவிடுகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய கல்ச்சர் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே யூராலஜி டாக்டரிடம் போய், சிஸ்டோஸ்கோபி வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.